ஞாயிற்றுக்கிழமைகளில் ஆளில்லாத தோப்பு

வருசநாடு
20.1.2025

வானத்தில் வேலை பார்க்கும் அண்ணன் ஈஸ்வரபாண்டிக்கு,

மண்ணில் வேலைவெட்டி இல்லாத தங்கை நாகஜோதி எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான், சிவலை மாடு, இலவந்தோப்பு எல்லோரும் சுகம். என் போன் மட்டும் சுகமில்லை. அரிசி டிரம்முக்குள் சிறையில் கிடக்கிறது.

நடந்தது இதுதான். பொங்கல் விளையாட்டுப் போட்டிக்காகக் கோயில் முன்னால் மைக் செட் போட்டிருந்தார்கள். மைக் சும்மா கிடந்தது. மைக் சும்மா கிடந்தால் என் கை சும்மா கிடக்குமா? எடுத்து, செய்தி வாசிக்கிற குரலில், "பொதுமக்கள் கவனத்திற்கு. கரட்டு மேட்டில் கட்டிப் போட்டிருந்த ராக்கெட் கயிற்றை அறுத்துக்கொண்டு ஊருக்குள் வருகிறது. பெண்கள் கொண்டையையும் ஆண்கள் வேட்டியையும் இறுக்கிக் கட்டிக்கொள்ளவும்" என்றேன். பேச்சிமுத்து சித்தப்பா ஆடுகளை விட்டுவிட்டு மாட்டுத் தொட்டிக்குள் குதித்துவிட்டார். தலையை மட்டும் வெளியே நீட்டி, "போயிருச்சாத்தா?" என்று கேட்டார்.

அப்பா, "இவ வாயை மூட முடியாது, போனையாச்சும் மூடுவோம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். பரீட்சை முடிகிற வரைக்கும். அம்மாவின் பட்டன் போனில் உன்னிடம் பேசலாம்தான். அப்பா பக்கத்திலேயே நிற்பார். அப்பா கேட்கக் கூடாதவை என்னிடம் நிறைய இருக்கின்றன. அதனால்தான் கடிதம்.

நேற்று உன் கம்பெனி ராக்கெட்டுக்கு முதல் சோதனை ஓட்டம். சோதனை எங்களுக்கு, ஓட்டம் சித்தப்பாவின் ஆடுகளுக்கு. மேலே போய், திரும்பி வந்து, புறப்பட்ட இடத்திலேயே நான்கு காலில் நிற்கும், மறுபடி மறுபடி பறக்கவிடலாம் என்று சொல்லித்தானே நம் ஊர்க் கரட்டை அவர்களுக்குக் காட்டிக்கொடுத்தாய்? 'காட்டினாய்' என்றுதான் எழுத நினைத்தேன். கை இப்படி எழுதிவிட்டது, இருக்கட்டும். தென்னை உயரம் போனது. அங்கேயே நின்று கொஞ்ச நேரம் யோசித்தது. அப்புறம் ஒருக்களித்து விழுந்து வெடித்தது.

"நாலு கால் இருந்தும் நிக்கத் தெரியலயே" என்றார் அப்பா.

"ரெண்டு கால் இருக்கிறவகளே சந்தைக்குப் போயிட்டு வந்தா நிக்கிறதில்ல" என்றாள் அம்மா. அப்பா சிவலை மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

ஒரு சந்தேகம். விழுந்ததும் உன் ஆட்கள் கூடாரத்தைவிட்டு வெளியே வந்து கைதட்டினார்கள். விழுந்ததற்கு யாராவது கைதட்டுவார்களா? நான் கணக்கில் விழுந்தபோது அப்பா முதுகில்தான் தட்டினார்.

ஓசூர்க் குளிருக்குக் காதில் பஞ்சு வைத்துக்கொள். நம் தோப்புப் பஞ்சு வேண்டுமென்றால் சொல், ஒரு மூட்டை அனுப்புகிறேன்.

உன்
ஜோதி


ஓசூர்
1.2.2025

வாயாடித் தங்கைக்கு,

நலம். நீங்கள் எல்லோரும் நலம்தானே? அப்பாவின் இருமல் எப்படி இருக்கிறது? மாட்டுத் தொட்டிக் கதையை அம்மா ஏற்கெனவே போனில் சொல்லிவிட்டாள். சிரித்துச் சிரித்து எனக்குப் புரை ஏறிவிட்டது. சித்தப்பாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

கைதட்டுவது எங்கள் வழக்கம். ராக்கெட்டை மேலே அனுப்ப நிறையப் பேருக்குத் தெரியும். இறக்கி நிறுத்துவதுதான் வித்தை. சின்ன வயதில் துடைப்பத்தை உள்ளங்கையில் நட்டமாக நிறுத்திக்கொண்டு வாசலெல்லாம் ஓடுவாயே, அதைத்தான் நாங்கள் நெருப்பை வைத்துச் செய்கிறோம். எத்தனை தடவை துடைப்பம் உன் மூக்கில் விழுந்தது? விழ விழத்தானே கை பழகியது? இந்தத் தடவை ஒரு வால்வு தாமதமாகத் திறந்தது. இனி அந்தத் தப்பு வராது. வேறு தப்பு வரும். வர வேண்டும். ஒவ்வொரு தப்புக்கும் ஒரு கைதட்டல்.

ஊர்க்காரர்கள் பயப்பட வேண்டாம் என்று சொல். இறங்கும்போது நிலை தவறினால், அது ஊர்ப்பக்கம் வராமல் ஆளில்லாத ஓர் இடத்துக்கு விலகிப் போய்த்தான் விழும். அந்த சாஃப்ட்வேர் என் வேலை. இடத்தை வரைபடத்தில் குறித்துக் கொடுத்ததும் நான்தான். எங்கே ஆள் இருக்கும், எங்கே இருக்காது என்று அந்த ஊரில் பிறந்தவனுக்குத் தெரியாதா?

பரீட்சைக்குப் படி. அம்மாவுக்கு மூட்டு வலித் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன், வரும்போது கொண்டுவருகிறேன்.

அன்புடன்
பாண்டி


வருசநாடு
18.2.2025

கைதட்டும் கம்பெனியின் காவல் தெய்வத்துக்கு,

அப்பா இருமல் சுகம். அதாவது இருமல் சுகமாக இருக்கிறது, அப்பாதான் கொஞ்சம் தளர்ந்திருக்கிறார். அம்மாவின் மூட்டு உன் தைலத்தை எதிர்பார்க்கிறது. அம்மா உன்னை எதிர்பார்க்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது ராக்கெட்டும் போய்ச் சேர்ந்தது. இந்தத் தடவை பனை உயரம். திரும்பி நல்லபடியாகத்தான் வந்தது. தரையிறக்கம் என்றாயே, தரைக்குத்தான் இரக்கம் இல்லை. ஒரு கால் மடங்கி, கரட்டிலேயே சாய்ந்து, பாறையெல்லாம் கரி. சித்தப்பாவின் ஆடுகள் மயிலாடும்பாறை ரோடு வரைக்கும் ஓடிவிட்டன. இரண்டு சினை ஆடு குட்டி போட்டுவிட்டது, உயிரில்லாமல். உன் ஆட்கள் வழக்கம்போல வெளியே வந்து கைதட்டினார்கள். சித்தப்பா செத்த குட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு போய் அவர்கள் முன்னால் நின்றார்.

"இழவு விழுந்த எடத்துல கைதட்டுறீகளே, ஒங்க ஊர்ல இதான் மொறையா?"

சைட்டைப் பார்த்துக்கொள்ளும் தமிழ்மாறன் சார் ஓடிவந்து கும்பிட்டார். ஆட்டுக்கு ஈடு தருவதாகச் சொன்னார். சித்தப்பா குட்டியை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டார்.

மறுபயன்பாட்டு ராக்கெட் என்றாய். மறுபடி புண்பாட்டு ராக்கெட் என்று பெயர் மாற்றிவிடலாமா?

இங்கே இலவங்காய் வெடிக்க ஆரம்பித்துவிட்டது. இனி பஞ்சு முடிகிற வரைக்கும் எங்களுக்குச் சந்தையும் கிடையாது, ஞாயிறும் கிடையாது. விடிந்தால் தோப்பு, அடைந்தால் வீடு. உனக்கென்ன, ஏசி ரூமில் உட்கார்ந்திருப்பாய்.

ரகசியம் ஒன்று சொல்கிறேன், அப்பாவிடம் சொல்லாதே. பிளஸ் டூ முடித்ததும் ரேடியோவில் பேசப் போகிறேன். என்னிடம் இருப்பது ஒரே ஒரு சொத்து, வாய். அதையாவது நட்டு வைத்தால் முளைக்கும். நம்பாவிட்டால் கீழே இருப்பதைப் படி. இரண்டாவது ஓட்டத்துக்கு நான் கரட்டடியில் நின்று சொன்ன நேர்முக வர்ணனை:

"நேயர்களே, ராக்கெட் மைதானத்துக்குள் நுழைகிறது. நடையில் மாப்பிள்ளை மிடுக்கு. அடடா, அங்கேயே நிற்கிறது. பெண் பிடிக்கவில்லை போலும். திரும்புகிறது, இறங்குகிறது, காலை ஊன்றுகிறது... ஐயோ, மாப்பிள்ளை விழுந்துவிட்டார் நேயர்களே! மாப்பிள்ளை வீட்டார் கைதட்டுகிறார்கள்!"

சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

ஜோதி


ஓசூர்
9.3.2025

வர்ணனையாளருக்கு,

வீட்டில் எல்லோரும் சுகம் என்று நம்புகிறேன். குட்டிகளைப் பற்றிப் படித்து வருத்தமாக இருந்தது.

உன் வர்ணனையை இங்கே கேன்டீனில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தட்டை வைத்துவிட்டுச் சிரித்தார்கள். எங்கள் குழுத் தலைவர் தேவயானி மேடம் தாளை வாங்கி இரண்டாம் முறை படித்தார். நான்காவது ஓட்டத்தை நேரடியாக ஒளிபரப்பப் போகிறோம். தமிழ் வர்ணனைக்குக் குரல் தேடிக்கொண்டிருந்தார்கள். "உங்க தங்கச்சிக்குப் பரீட்சை முடியட்டும், போன்ல பேசிப் பாக்கிறேன்" என்று சொல்லியிருக்கிறார்! அவர் முகத்தில் அவ்வளவு சுலபமாகச் சிரிப்பு வராது. சிரிக்க வைத்துவிட்டாய். இதற்குப் பிறகு ரேடியோ என்ன, எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

மூன்றாவது ஓட்டம் மார்ச் 30, ஞாயிறு. இப்போது ராப்பகலாக வேலை. ஊருக்கு வர முடியாது. போனை விடுதலை செய்யச் சொல்லி அப்பாவிடம் பேசிவிட்டேன். 27ஆம் தேதி பரீட்சை முடிந்ததும் கைக்கு வந்துவிடும். குரலைப் பத்திரமாகப் பார்த்துக்கொள். ஐஸ் சாப்பிடாதே.

அன்புடன்
பாண்டி


வருசநாடு
17.4.2025

அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீ சுகமா?

பதில் போடத் தாமதமாகிவிட்டது. மூன்றாவதும் விழுந்தது உனக்குத் தெரியும். தோப்பில் பாதிப் பஞ்சு எரிந்துவிட்டது. ஆட்களுக்கு ஒன்றும் இல்லை என்று அப்பா உன் ஆட்களிடம் சொல்லிவிட்டார்.

போன் டிரம்முக்குள்ளேயே இருக்கட்டும். எனக்குக் கடிதம்தான் பிடித்திருக்கிறது. போனில் பேசினால் நீ நடுவில் நடுவில் பேசுவாய். கடிதத்தில் நான் மட்டும் பேசலாம்.

ஊர் இப்போது ரொம்ப அமைதியாக இருக்கிறது.

ஜோதி


ஓசூர்
27.4.2025

அன்புள்ள ஜோதி,

என்ன இது, தந்தி மாதிரி ஒரு கடிதம்? உடம்பு சரியில்லையா? அம்மாவிடம் கேட்டால் "நல்லாத்தாம்ப்பா இருக்கா, குளிக்கிறா" என்கிறாள். போன வாரமும் குளித்துக்கொண்டிருந்தாய், அதற்கு முந்தின வாரமும் குளித்துக்கொண்டிருந்தாய். வைகையில் தண்ணீர் மிஞ்சுமா?

பஞ்சு போனதற்குக் கம்பெனி ஈடு தரும். அப்பாவைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல். ஆனால் உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும். மூன்றாவது ஓட்டம் தோல்வி இல்லை! காற்று தள்ளி, நிலை தவறியது. தவறிய அந்தக் கணமே அது ஊரைவிட்டு விலகி, நான் குறித்த இடத்துக்கே போய் விழுந்தது. அந்த இடம் எது தெரியுமா? நம் தோப்பு. அடுத்தவன் நிலத்தைக் குறிக்க எனக்கு மனசு வரவில்லை. தவிர, ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சந்தைக்குப் போய்விடுவோம், தோப்பில் ஈ காக்கா இருக்காது என்று எனக்குத் தெரியும். ஓட்டங்களை ஞாயிற்றுக்கிழமையில் வைக்கச் சொன்னதும் நான்தான். குறித்த புள்ளியிலிருந்து ஒரு பாய் விரிக்கிற அளவுகூடப் பிசகவில்லை. இங்கே எழுந்து நின்று கைதட்டினார்கள், எனக்காக. தேவயானி மேடம் கை கொடுத்தார்.

மே கடைசியில் அவர் அம்மாவின் போனுக்குப் பேசுவார். அன்றைக்காவது குளிக்காமல் இரு.

பாண்டி


வருசநாடு
10.5.2025

குறி தவறாத அண்ணனுக்கு,

சுகம். சுகம் கேட்டதற்கு நன்றி.

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. அப்பாவுக்குத் தெரியும்போல. அவர் உன் பெயரை இப்போதெல்லாம் அதிகம் சொல்வதில்லை.

ஊர்ச் செய்தி: நம் வீட்டுச் சேவலுக்கு என்னமோ ஆகிவிட்டது. விடிந்தால் கூரைமேல் ஏறுகிறது, கழுத்தை நீட்டுகிறது, வாயைத் திறக்கிறது, கூவ மட்டும் மாட்டேன் என்கிறது. பஸ் வந்து பின்னால் நிற்கிறது, ஹாரன் அடிப்பதில்லை. டிரைவர் கையை ஆட்டி ஆட்டித் திட்டுகிறார். அம்மா அடுப்படியிலிருந்து கூப்பிடுவதையே விட்டுவிட்டாள், நடந்துவந்து தோளைத் தொடுகிறாள். எல்லோரும் சேர்ந்து என்னை ஏமாற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள். இத்தனை வருடம் நான் ஏமாற்றியதற்குப் பழிக்குப் பழி.

மேடத்திடம் போன் வேண்டாம், கடிதத்தில் கேள்வி கேட்கச் சொல்ல முடியுமா? நான் எழுதி அனுப்புகிறேன். யாராவது படித்துக்கொள்ளட்டும்.

ஜோதி


ஓசூர்
2.6.2025

நாகஜோதிக்கு,

அப்பா, அம்மா சுகம்தானே.

என்ன காரியம் செய்தாய்? தேவயானி மேடம் உன்னிடம் பெயர் கேட்டார். நீ "நேயர்களே" என்று ஆரம்பித்தாய். என்ன படிக்கிறாய் என்று கேட்டார். நீ வர்ணனையை நிறுத்தவில்லை. போதும்மா என்றார். நீ இன்னும் சத்தமாகப் பேசினாய். இடையில் அம்மாவின் குரல். கடைசியில் மேடம் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "உங்க வீட்ல எல்லாரும் இப்படித்தானா?" என்று கேட்டார். பத்துப் பேர் முன்னால் கேட்டார், ஜோதி.

வேலையை மதுரைப் பெண் ஒருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள்.

சேவல் கூவவில்லை, பஸ் ஹாரன் அடிக்கவில்லை என்று அதற்கும் ஒரு கதை. எல்லாவற்றிலும் விளையாட்டா? உனக்காக நான் எத்தனை பேரிடம் சொல்லி வைத்தேன் என்று உனக்குத் தெரியாது. இனி நீயாக எழுதினால் ஒழிய நான் எழுதப் போவதில்லை.

ஈஸ்வரபாண்டி


வருசநாடு
12.6.2025

அண்ணே,

இந்தக் கடிதத்தில் கேலி இல்லை. தேடாதே.

எனக்குக் காது கேட்காது.

நீ சொன்னது சரிதான். ஞாயிற்றுக்கிழமை நம் தோப்பில் யாரும் இருக்க மாட்டார்கள், பஞ்சு வெடிக்காத மாதங்களில். காய் வெடித்துவிட்டால் காற்று கிளம்புவதற்குள் பொறுக்கிவிட வேண்டும் என்று உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நீயும் நானும் தலையெல்லாம் பஞ்சோடு கிழவன் கிழவி மாதிரி வீட்டுக்கு வருவோம். எப்படி மறந்தாய்? பிப்ரவரிக் கடிதத்தில் எழுதியும் இருந்தேன். நீ வர்ணனையை மட்டும் படித்துச் சிரித்திருக்கிறாய்.

அன்றைக்கு எச்சரிக்கைச் சங்கு ஊதினார்கள். கரட்டடியில் இருந்தவர்களையெல்லாம் விரட்டினார்கள். தோப்புப் பக்கம் யாரும் வரவில்லை, அதுதான் ஆளில்லாத இடமாயிற்றே. அப்பா பஞ்சு யாவாரியைப் பார்க்கக் கடமலைக்குண்டு போயிருந்தார். அம்மா ஓடைக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். எனக்குப் போன் கிடைத்து மூன்றாவது நாள். உங்கள் மேடத்துக்காக, ராக்கெட்டைப் படம் எடுத்துக்கொண்டே வர்ணனை சொல்லிப் பழகிக்கொண்டிருந்தேன். "இதோ சாய்கிறது நேயர்களே, இதோ எங்களைப் பார்த்து வருகிறது" என்றேன். அதுதான் நான் கடைசியாகக் கேட்ட பேச்சு. என் பேச்சு.

விழித்தபோது மல்லாந்து கிடந்தேன். பஞ்சு எரிந்துகொண்டே வானத்தில் பறந்தது. பஞ்சு சத்தமில்லாமல்தான் எரியும் என்று நினைத்தேன். அம்மா வாயைத் திறந்துகொண்டு ஓடிவந்தாள். அம்மாவும் சத்தமில்லாமல் வந்தாள். அப்போதுதான் தெரிந்தது.

பேச்சிமுத்து சித்தப்பாதான் தூக்கிக்கொண்டு ஓடினார். தேனியில் டாக்டர் தாளில் எழுதிக் காட்டினார். வலது காது போய்விட்டது. இடது காதில், கிளம்பாத பஸ் ஒன்று உறுமிக்கொண்டே நிற்கிறது. ராத்திரியும் நிற்கிறது.

மூன்றாம் நாள் தமிழ்மாறன் சார் வீட்டுக்கு வந்தார். நான் கதவோரம் நின்றேன். அவர் வாய் அசைந்தது. அப்பா தலையை இடமும் வலமும் ஆட்டினார். அவர் என்ன கேட்டார் என்று பிறகுதான் அம்மா புரியவைத்தாள். "யாருக்கும் ஒண்ணும் ஆகலயே?" என்று கேட்டிருக்கிறார். "ஒங்க மகன் குறிச்ச எடத்துலயே அச்சு அசலா விழுந்துச்சுய்யா" என்றும் சொல்லியிருக்கிறார். அப்பா உன் வேலையைக் காப்பாற்றிவிட்டார்.

மேடம் பேசியபோது அம்மாவின் காதில்தான் போன் இருந்தது, நான் அதன் பக்கத்தில் வாயை ஒட்டிக்கொண்டு நின்றேன். அம்மா ஒரு தடவை கிள்ளினால் நான் பேச வேண்டும், இரண்டு தடவை கிள்ளினால் நிறுத்த வேண்டும் என்று ஏற்பாடு. அம்மாவுக்குப் பதற்றம். கிள்ளிக்கொண்டே இருந்தாள். கையெல்லாம் கன்றிப்போயிற்று. நன்றாகப் பேசுகிறேன் போல என்று நினைத்து, இன்னும் நன்றாகப் பேசினேன்.

உன் சொல்லுக்குக் கட்டுப்பட்டு இதுவரை ஐஸ் சாப்பிடவில்லை.

நாகஜோதி


ஓசூர்
20.7.2025

என் ஜோதிக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

இதற்குமுன் எழுதியவற்றையெல்லாம் கிழித்துப் போட்டேன். அதனால்தான் இவ்வளவு தாமதம். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் இரண்டு தடவை வந்துவிட்டுத் திரும்பினேன். உன் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்று தெரியவில்லை.

உனக்குப் புரியும் என்று நம்பி எழுதுகிறேன். மூன்றாவது ஓட்டத்தில் யாருக்கும் காயம் இல்லை என்று அறிக்கை போய்விட்டது. அதில் என் கையெழுத்தும் இருக்கிறது. இப்போது மாற்றிச் சொன்னால் அனுமதி ரத்தாகும், நான்காவது ஓட்டம் நின்றுபோகும். இங்கே எத்தனையோ பேருடைய உழைப்பு. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அது நிற்கட்டும். அப்புறம் நானே போய்ச் சொல்கிறேன். சென்னையில் பெரிய டாக்டரிடம் உன்னைக் கூட்டிப்போகிறேன். அதுவரைக்கும் பொறுத்துக்கொள்.

கரட்டுக்கு இனி வர மாட்டார்கள். கடற்கரையில் வேறு இடம் பார்த்திருக்கிறோம்.

யாரிடமாவது சொல்லியிருக்கிறாயா?

பாண்டி


ஓசூர்
8.9.2025

அன்புத் தங்கைக்கு,

நின்றுவிட்டது, ஜோதி! நீயும் டிவியில் பார்த்திருப்பாய். நான்கு காலும் ஊன்றி, அணைந்த அடுப்பு மாதிரி அமைதியாக நின்றது. நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். இரண்டு வாரம் கழித்து அதே ராக்கெட்டை மறுபடி பறக்கவிட்டோம். மறுபடியும் நின்றது.

முதல் மூன்று ஓட்டங்களைத் தாங்கிய ஊருக்கு நன்றி விழா நடத்தப் போகிறோம். அக்டோபர் 5, கோயில் முன்னால். நானும் வருகிறேன். மேடையில் எனக்கு நாற்காலி போட்டிருக்கிறார்கள். ஊர்ப் பிள்ளைகள் சார்பில் உன்னை இரண்டு வார்த்தை நன்றி சொல்லச் சொல்லித் தமிழ்மாறன் சார் கேட்டிருக்கிறார். இரண்டு வார்த்தை போதும்.

உன் விஷயத்தை விழா முடிந்ததும் பார்த்துக்கொள்வோம். அப்பா, அம்மாவுக்குத் துணி எடுத்திருக்கிறேன்.

பாண்டி


வருசநாடு
6.10.2025

அண்ணனுக்கு,

அம்மாவுக்கு மூட்டு வலி அப்படியே இருக்கிறது. அப்பாவைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். நான் சுகம்.

டிவியில் பார்த்தேன். விழுந்ததெல்லாம் இங்கே, நின்றது அங்கே. மதுரைப் பெண்ணின் வாய் அசைந்தது, நன்றாகத்தான் பேசியிருப்பாள். உன் ஆட்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். சத்தமில்லாமல் பார்த்தால், கைதட்டுகிறவர்கள் கொசு அடிக்கிற மாதிரியே இருக்கிறார்கள் அண்ணே. அத்தனை படித்தவர்கள், அத்தனை கொசு.

நேற்று நீ வருவாய் என்று பார்த்தேன். கடைசி பஸ்ஸும் வந்து போயிற்று. உன் பெயர் எழுதி ஒட்டிய நாற்காலி மேடையில் அப்படியே இருந்தது. மாலைகளை அதன்மேல்தான் வைத்திருந்தார்கள்.

பொங்கலுக்குப் போட்ட அதே மைக் செட். தமிழ்மாறன் சார் கையைக் காட்டி என்னைக் கூப்பிட்டார். மைக்கைப் பிடித்தேன். நன்றி என்று ஆரம்பித்தேன். அது ஒரு வார்த்தை. இரண்டாவது வார்த்தை கொஞ்சம் நீண்டுவிட்டது. மூன்றாவது ஓட்டத்தின் வர்ணனையை நான் பாதியில் விட்டிருந்தேன் அல்லவா, அதை விட்ட இடத்திலிருந்து சொன்னேன். இதோ சாய்கிறது, இதோ எங்களைப் பார்த்து வருகிறது என்பதிலிருந்து. எரிந்த பஞ்சைச் சொன்னேன். அம்மா ஓடிவந்ததைச் சொன்னேன். டாக்டர் தாளில் எழுதியதைச் சொன்னேன். அந்தத் தோப்பை ஆளில்லாத இடம் என்று குறித்தது யார் என்றும் சொன்னேன்.

நிறுத்து, நிறுத்து என்று தமிழ்மாறன் சார் பின்னாலிருந்து கத்தினாராம். எனக்குத்தான் காது கேட்காதே.

பிறகு வயரைப் பிடுங்கிவிட்டார்களாம். அதுவும் எனக்குத் தெரியாது. செத்த மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்திருக்கிறேன். பின்வரிசையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து முன்னால் வந்தார்கள். எதற்கு வருகிறார்கள் என்று புரியவில்லை. பேச்சிமுத்து சித்தப்பா மேடைக்குக் கீழே கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி நின்றார். அவர் வாய் பெரிதாகப் பெரிதாகத் திறந்து மூடியது. என்னைத் திட்டுகிறார் என்றுதான் நினைத்தேன். நான் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு வரியையும் பின்னால் இருக்கிறவர்களுக்கு அவர் கத்திச் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்த பிறகு அம்மா கையைக் கையை ஆட்டிச் சொன்னாள். உன் பெயர் வந்த இடத்தில் மட்டும் என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாராம்.

அப்பா பாதியிலேயே எழுந்து போய்விட்டார். இன்னும் வீட்டுக்கு வரவில்லை. தோப்பில்தான் இருக்கிறார், கரிந்த மரத்தடியில் படுத்திருக்கிறார் என்று சித்தப்பா சைகையில் சொன்னார். சாப்பாடு கொண்டுபோனேன். என் முகத்தைப் பார்க்கவில்லை. "எம்மவன் பொழப்பு போச்சே" என்றார். உதட்டைப் படிக்க நன்றாகப் பழகிவிட்டேன். பழகாமல் இருந்திருக்கலாம்.

கடிதம் போடு. போட மாட்டாய் என்றும் தெரியும். உன் ராக்கெட்டை எத்தனை தடவை வேண்டுமானாலும் பறக்கவிடுங்கள். தப்பு வரட்டும், கைதட்டுங்கள்.

ஓசூரில் குளிர் ஆரம்பித்திருக்கும். காதில் பஞ்சு வைத்துக்கொள். இந்த வருடம் நம் தோப்புப் பஞ்சு இல்லை. கடையில் வாங்கிக்கொள்.

நாகஜோதி